எலி புகாத அறை

வீரமணி வீட்டு நெல் அறைக்குள் எலி நுழைந்ததில்லை. பாகூரில் இது சாதாரண விஷயம் இல்லை. ஏரித் தண்ணீரில் விளைந்த நெல்லை யார் வீட்டில் அடுக்கினாலும் மறுநாளே எலி வந்து ருசி பார்த்துவிடும். வீரமணி வீட்டு மூட்டை மட்டும் தைத்த தையல் பிரியாமல் இருக்கும். அந்த அறைக்கு அவர் ஜன்னலே வைக்கவில்லை. தரையும் சுவரும் சேரும் இடத்தில் கண்ணாடித் தூளைச் சிமெண்டில் குழைத்துப் பூசியிருந்தார். கதவின் அடியில் தகரம் அடித்திருந்தார். வீட்டுக்கு யார் வந்தாலும் காபி வருவதற்கு முன் அந்த அறையைத் திறந்து காட்டுவார். வந்தவர் உள்ளே எட்டிப் பார்த்து, "ஆமாம்பா, எலியே இல்ல" என்று சொன்னால்தான் காபி. இல்லாத எலியை எவ்வளவு நேரம்தான் பார்ப்பது? அதற்குள் காபி ஆறிப் போயிருக்கும்.

அந்த அறைக்குத்தான் கேஸ் ஓவன் வந்து சேர்ந்தது.

ஓவன், அவர் மனைவி அமுதத்தின் ஆசை. ஒரே மகள் அர்ச்சனாவைத் தை மாதம் திண்டிவனத்தில் கட்டிக்கொடுத்து அனுப்பிய பிறகு, அமுதம் வில்லியனூருக்கு பஸ் ஏறிப் போய்க் கேக் செய்யக் கற்றுக்கொண்டு வந்தாள். முதலில் குக்கரில் மணலைக் கொட்டிச் செய்து பார்த்தாள். தின்றவர்கள் எல்லாரும் திரும்பி வந்து கேட்டார்கள். அதுவரை "வீரமணி வூடு எது?" என்று விசாரித்துக்கொண்டு வந்த ஊரில், அவள் நாற்பது வயதைத் தாண்டிய பிறகு முதன்முறையாக, "அமுதம் வூடு எது?" என்று ஆட்கள் கேட்டு வந்தார்கள். வீரமணிக்கு அது பிடித்துத்தான் இருந்தது. வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான். அந்தப் போகத்து நெல்லைக் களத்திலேயே வியாபாரிக்குப் போட்டுவிட்டு, அறையை அவளுக்கு ஒழித்துக் கொடுத்தார். அவரைப் பொறுத்தவரை அது சொத்தில் பாதியை எழுதிக் கொடுத்ததற்குச் சமம்.

ஓவனை மாட்டிக் கொடுக்க வந்தவர் மாலிக். வில்லியனூரில் அடுப்பும் மிக்சியும் விற்கிறவர். வீரமணியோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர். அமுதத்தை அவர் தங்கச்சி என்று கூப்பிடுவதால் வீரமணி அவருக்கு மாப்பிள்ளை. நல்ல மனுஷன், ஒரே குறை, வாயைத் திறந்தால் மூடத் தெரியாது. அறைக்குள் காலை வைத்ததுமே ஆரம்பித்தார்.

"இன்னா மாப்ள, ரூம்பு கட்டச் சொன்னா பொட்டி கட்டி வெச்சிருக்க? காத்து எதால வரும்?"

"எலிகூட பூர முடியாது மச்சான்" என்றார் வீரமணி பெருமையாக.

"எலியே பூர முடியலன்னா காத்து மட்டும் டிக்கெட் எடுத்துக்கினு வருமா? ரெண்டு ஓட்ட போடாம நான் இத மாட்ட மாட்டேன். மேல ஒண்ணு, கீழ ஒண்ணு. கேஸ் கசிஞ்சா அது மேல போவாது, தண்ணி மாரி தரையிலயே கெடக்கும். அதுக்குக் கீழ வழி வேணும். எரிஞ்ச சூட்டுக் காத்து மேல ஏறும். அதுக்கு மேல வழி வேணும்."

கொத்தனார் வந்து சுவரில் உளியை வைத்தபோது வீரமணியால் அங்கே நிற்க முடியவில்லை. வயலுக்குப் போகிறேன் என்று கிளம்பி, தெருமுனைப் பிள்ளையார் கோயில் வாசலில் போய் உட்கார்ந்துகொண்டார். திரும்பி வந்தபோது மேல் ஓட்டையில் காற்றாடி மாட்டியிருந்தது. கீழே தரையோரத்தில் கம்பிவலை போட்ட ஓட்டை. இரண்டும் பக்கத்து வீட்டுச் சந்தைப் பார்த்து இருந்தன. கம்பிவலையைக் குனிந்து பார்த்து, எவ்வளவு பெரிய எலி இதில் நுழையும் என்று விரலை விட்டு அளந்தார்.

மாலிக் ஓவனை மாட்டி, பற்றவைத்துக் காட்டி, புறப்படுவதற்கு முன் எச்சரிக்கைகளை அவிழ்த்துவிட்டார். ட்யூபை மடிக்காதே, சிலிண்டரைப் படுக்க வைக்காதே, மேலே துணி காயப் போடாதே என்று போய்க்கொண்டே இருந்தது. நடுவில் அவர் மாமனார் வீட்டுப் பூனை, சூடு ஆறிய ஓவனுக்குள் போய்க் குட்டி போட்ட கதை வந்தது. பூனைக்கு அடுத்தபடியாக, "இந்த ரெண்டு ஓட்டயையும் எந்தக் காலத்துலயும் அடைக்கக் கூடாது. அடைச்சா மொதல்ல தலவலி வரும், அப்பறம் மயக்கம் வரும், அதுக்கும் அப்பறம் ஆளே இருக்க மாட்டோம்" என்றார். அதே மூச்சில், அவர் தங்கை கல்யாணத்துப் பிரியாணியில் உப்பு கூடிப்போன கதைக்குத் தாவிவிட்டார். வீரமணிக்குப் பூனை மட்டும்தான் மனதில் நின்றது.

அதன் பிறகு கொஞ்ச நாள் எல்லாம் அழகாக நடந்தது. ஓவனில் நெருப்பு நீலமாக எரிந்தது. காற்றாடி சுற்றியது. கேக் உப்பியது. வனிலாவும் வெண்ணெயும் கலந்த அந்த வாசனை, காற்றாடி வழியாகச் சந்துக்குள் இறங்கி, நேராகப் பக்கத்து வீட்டுச் சமையலறைக்குள் நுழைந்தது. வினை அங்கேதான் ஆரம்பித்தது.

பக்கத்து வீடு செல்வகுமாரியுடையது. வீரமணியைவிட மூத்தவள், தெருவுக்கே அக்கா. அவள் மருமகள் பிரியதர்ஷினி அப்போது மாசமாக இருந்தாள். வாயும் வயிறுமாக இருப்பவள் மூக்குக்கு ஒரு பண்டத்தின் வாசனை போய்விட்டால், அந்தப் பண்டத்தில் ஒரு வாயாவது அவளுக்குக் கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால் பிறக்கிற குழந்தைக்குக் காதில் சீழ் வடியும். இது பாகூரில் யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுக்காமலே எல்லாருக்கும் தெரிந்த சட்டம்.

முதல் கேக் ஓவனிலிருந்து வெளியே வந்ததுமே செல்வகுமாரி சந்தில் வந்து நின்றாள்.

"அமுதம்! இன்னாடி வாசன இது? எங்க வூட்டுப் பொண்ணு சோத்துல கைய வெச்சிட்டு அப்டியே உக்காந்திருக்குது!"

அது பாக்யராஜ் வாத்தியார் தன் கல்யாண நாளுக்குச் சொல்லியிருந்த கேக். இதய வடிவம். அதன் நுனியைத்தான் வெட்ட முடிந்தது. நுனி போன இடத்தைக் க்ரீம் வைத்து அமுதம் என்னென்னவோ செய்து பார்த்தாள். வாங்க வந்த வாத்தியார் பெட்டியைத் திறந்து அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தார். "நான் ஹார்ட்டுதானம்மா சொன்னேன்? இது மாங்கா மாரி இருக்குதே" என்றார். அடுத்தது நீளமான கேக். செல்வகுமாரி வந்துபோன பிறகு சதுரமாகிவிட்டது. அதற்கடுத்தது மாடி வைத்த கேக். அதில் மாடிப்படியே போயிற்று.

"அந்தப் பொண்ணுக்குத் தனியா சின்னதா ஒண்ணு சுட்டுக் குடுத்துடறேங்க்கா" என்று அமுதம் கெஞ்சிப் பார்த்தாள்.

செல்வகுமாரி காதைத் தொட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "வேற பண்டம் ஆவாதுடி. எதோட வாசன போச்சோ அதுலருந்துதான் கிள்ளிக் குடுக்கணும். பொறக்கப் போற புள்ள காது விஷயம், அதுக்கு மேல ஒன் இஷ்டம்."

குழந்தையின் காதுக்கு எதிராக யார் பேச முடியும்? அமுதம் அன்றைக்கு அறையில் உட்கார்ந்து அழுதாள். "ஆர்டர் குடுக்கறவங்க மொகத்துல முழிக்க முடியலங்க. எல்லாருக்கும் எலி கடிச்ச மாரியே குடுத்து அனுப்பறேன்."

எலி என்ற சொல்லைக் கேட்டதும் வீரமணி நிமிர்ந்தார். இத்தனை நாளாக அவருக்கு ஏன் இது தோன்றவில்லை? வாசனை போனால்தானே கொடுக்க வேண்டும். போகாவிட்டால்? எலியையே வெளியில் நிறுத்தியவருக்கு, ஒரு வாசனையை உள்ளே நிறுத்துவது பெரிய வேலையா?

செல்வகுமாரி மருமகளைக் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்துச் சந்தில் ஏணியைச் சாய்த்தார். யூரியா சாக்கை நாலாக மடித்து மேல் ஓட்டையின் மேல் இழுத்துக் கட்டினார். ஓரங்களில் களிமண்ணையும் சாணியையும் பிசைந்து அப்பினார். கீழ் ஓட்டைக்கு ஒரு செங்கல், சுற்றிலும் அதே பூச்சு. கை தானாக ஓடியது. பழைய காலம் திரும்பி வந்தது போல மனம் நிறைந்திருந்தது.

ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த அமுதம், "மாலிக்கண்ணன் இதப் பத்தி ஏதோ சொன்னாரே" என்றாள்.

"அவன் ஆயிரம் சொல்வான். பூன குட்டி போட்ட கததான் அது. நீ ஏணிய ஆடாம புடி."

மறுநாள் கேக் வெந்துகொண்டிருந்தபோது சந்துக்குப் போய் நின்று மூச்சை இழுத்துப் பார்த்தார். ஒன்றும் இல்லை. செல்வகுமாரி வீட்டு வாசல் வரை நடந்து இழுத்தார். ஒன்றும் இல்லை. பிள்ளையார் கோயில் வரைக்கும் போய் இழுத்தார். விபூதி வாசனைதான் வந்தது. வாசல் வழியாக மட்டும் லேசாகக் கசிவது போல இருந்தது. திரும்பி வந்து, தகரம் அடித்த அந்த அறைக் கதவை இறுகச் சாத்தி, "கேக்கு வேவற வரைக்கும் இதத் தொறக்காத" என்று உள்ளே இருந்த அமுதத்துக்குச் சொன்னார். அன்றைக்குப் போன கேக் வட்டமாகவே போய்ச் சேர்ந்தது.

அந்த வாரத்திலிருந்துதான் அமுதத்துக்குத் தலைவலி. சாயங்காலமானால் நெற்றியைக் கட்டிக்கொண்டு படுத்தாள். வெயில் என்றார்கள். பிறகு தலை சுற்றல் வந்தது. பித்தம் என்று இஞ்சிச் சாறு குடித்தாள். ஒருநாள் கேக்கை வெளியே எடுத்து வைத்துவிட்டு, கொல்லையில் துவைக்கிற கல்லைப் பிடித்துக்கொண்டு குமட்டிக் குமட்டி வாந்தி எடுத்தாள். வெளிக்காற்றில் கொஞ்ச நேரம் நின்றதும் சரியாகிவிட்டது. ஆனால் அதற்குள் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து செல்வகுமாரி எல்லாவற்றையும் பார்த்துவிட்டாள்.

செல்வகுமாரியின் கண்ணுக்கு எதுவும் தப்பாது. "அமுதம்" என்றாள், குரலைத் தணித்து. "குளிச்சி எத்தினி நாளாச்சிடி?"

"இன்னாக்கா பேசற? இந்த வயசுல அதெல்லாம் ஒழுங்காவா வருது?" என்று அமுதம் சொன்னதுதான் தப்பாகப் போயிற்று. செல்வகுமாரிக்கு வேறு அத்தாட்சி தேவைப்படவில்லை. பொழுது சாய்வதற்குள் தெரு முழுக்க, வீரமணி வீட்டில் அமுதம் முழுகாமல் இருக்கிறாள்.

கல்யாணமாகிப் போன மகளிடமிருந்து எப்போது சேதி வரும் என்று ஊர் காத்துக்கொண்டிருக்க, சேதி அம்மாவிடமிருந்து வந்தது. திண்டிவனத்திலிருந்து அர்ச்சனா போனிலேயே அழுதாள். "அம்மா, நெசமாவாம்மா? எங்க மாமியார் என்னியப் பாத்து, 'ஒங்கம்மாவப் பாத்துக் கத்துக்க'ன்னு சொல்றாங்கம்மா!"

அமுதத்துக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. இல்லை என்று அடித்துச் சொல்லவும் முடியவில்லை. தலை சுற்றுகிறது, குமட்டுகிறது, சோறு இறங்கவில்லை. மருந்துக் கடையில் போய்ச் சோதிக்கிற பட்டை வாங்கலாம் என்றால் கடைக்காரர் இதே தெரு. "மாலிக்கண்ணன் தங்கச்சி பொண்ணு அர்ஷியாவோட நிச்சயத்துக்குப் பெரிய கேக்கு ஒத்துக்கினு இருக்கேன். அது முடியட்டும், ஆஸ்பத்திரிக்குப் போவலாம்" என்று தள்ளிப்போட்டாள். அத்தனை பேர் கூடுகிற இடத்தில் வெட்டப் போகிற கேக். அது நன்றாக அமைந்தால் வில்லியனூரே அவள் பெயரைச் சொல்லும்.

வீரமணியின் நிலைமை வேறு மாதிரி. வெட்கமாகத்தான் இருந்தது. கோயிலுக்குப் போனால் தலையைக் குனிந்துகொண்டார். ஆனால் டீக்கடையில், "வீரமணி, இந்த வருஷம் எல்லாப் பட்டமும் விளைச்சல்தானா?" என்று யாராவது சீண்டினால், வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டிக்கொண்டே நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்தார். மீசைக்கு மை அடித்துக்கொண்டார். பையனாக இருந்தால் புகழேந்தி என்று பெயர் வைப்பதாக, அமுதத்துக்குக்கூடத் தெரியாமல் முடிவு செய்துவிட்டார்.

செல்வகுமாரியும் சட்டத்தை மறக்கவில்லை. இப்போது அமுதமும் வாயும் வயிறுமாயிற்றே! நல்லவாடு கடற்கரையிலிருந்து வந்த மீனை வாங்கிக் குழம்பு கொதித்தால் ஒரு கிண்ணம் வேலியைத் தாண்டி வந்தது. அமுதத்துக்கு மீன் என்றாலே குமட்டியது. புகழேந்தியின் காதைக் காப்பாற்ற வேண்டுமே என்று வீரமணியே முழுக் கிண்ணத்தையும் சாப்பிட்டார்.

நிச்சயத்துக்கு முதல் நாள் காலையிலேயே அமுதம் அறைக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டாள். அடுக்குக் கேக்குக்குத் தட்டுத் தட்டாகச் சுட வேண்டியிருந்தது. மதியம் கதவைத் திறந்து வெளியே வந்தவள், நிலைப்படியைப் பிடிக்கப் போய்ப் பிடி கிடைக்காமல் அப்படியே சரிந்து உட்கார்ந்தாள். முகம் வெளுத்திருந்தது. வீரமணி பதறிப்போய் அவளைத் தூக்கிக் கூடத்துக் கட்டிலில் படுக்கவைத்தார்.

"வயித்துப் புள்ளக்காரி இனிமே அந்தப் பக்கமே போவக் கூடாது. மீதிய நான் பாத்துக்கறேன்."

"நெருப்பு மஞ்சளா எரியுதுங்க. தட்டு அடியெல்லாம் கரி புடிக்குது. இன்னான்னு பாருங்க."

"மஞ்ச மங்களந்தான். நீ படு."

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மாவைக் கலக்கினார், ஊற்றினார், வேகவைத்தார். பாடாத மனுஷன் கொஞ்சம் பாடக்கூடச் செய்தார். சற்று நேரத்தில் தலைக்குள் யாரோ நெல் குத்துவது போல இடித்தது. வேலை பழக்கமில்லை, அதனால்தான் என்று நினைத்தார். பிறகு அடுப்பு இரண்டாகத் தெரிந்தது. வயிற்றைப் புரட்டிக்கொண்டு வந்தது. எப்படியோ கதவைத் தள்ளித் திறந்து, கொல்லைக்கு ஓடி, அமுதம் பிடித்த அதே கல்லைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார்.

வேலிக்கு அந்தப் பக்கம் செல்வகுமாரி நின்றிருந்தாள். ஆயுசில் அவள் பார்க்காத மசக்கை கிடையாது. இது மட்டும் அவளுக்கே புதுசு.

"டேய் வீரமணி" என்றாள். "ஒனக்குமாடா?"

அவர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். சொல் வருவதற்கு முன் கால் மடங்கிக் கீழே விழுந்தார்.

செல்வகுமாரி போட்ட சத்தத்தில் தெரு கூடியது. கேக் எப்படி வருகிறது என்று பார்க்க வந்த மாலிக்கும் அப்போதுதான் வண்டியை நிறுத்தினார். கொல்லையில் கிடந்தவரைப் பார்த்தார். கட்டிலில் கிடந்தவளைப் பார்த்தார். இரண்டும் சேர்ந்ததும் வாழ்க்கையிலேயே முதன்முறையாக ஒரு வார்த்தையும் பேசாமல் நேராக அந்த அறைக்குப் போனார். கதவை விரியத் திறந்துவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே நுழைந்து அடுப்பை அணைத்தார், சிலிண்டரை மூடினார். சந்துக்கு ஓடி ஏணிகூட இல்லாமல் எட்டிக் குதித்துச் சாக்கைப் பிய்த்து எறிந்தார். காய்ந்த சாணி அவர் தலைமேலேயே கொட்டியது. அதோடுதான் இரண்டு பேரையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு பிள்ளையார்குப்பம் ஆஸ்பத்திரிக்கு வந்தார்.

அடுத்தடுத்த கட்டிலில் இரண்டு பேருக்கும் மூக்கில் ஆக்சிஜன் வைத்தார்கள். ஒரு பெண் டாக்டர் வந்தார்.

"அடுப்பு இருக்கிற ரூம்ல ஜன்னல் இருக்கா?"

"இல்லீங்க" என்றார் வீரமணி.

"வேற காத்து போற வழி?"

"இருந்துச்சிங்க."

"இருந்துச்சின்னா?"

வீரமணி கூரையைப் பார்த்தார். பதிலை, தலையில் சாணியோடு நின்ற மாலிக் சொன்னார். யூரியா சாக்கிலிருந்து பிள்ளையின் காது வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னார். டாக்டருக்குச் சிரிப்பதா திட்டுவதா என்று தெரியவில்லை, திட்டவே செய்தார். காற்று இல்லாத அறையில் நெருப்பு எரிந்தால் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு சேரும், அதைக் கண்ணால் பார்க்கவும் முடியாது, மூக்கால் பிடிக்கவும் முடியாது என்றார். "வாசனைக்குப் பயந்து அடைச்சிருக்கீங்க. ஆளைக் கொல்றதுக்கு வாசனையே கிடையாதுங்க."

வீரமணி மெதுவாகக் கேட்டார். "கொழந்தைக்கு ஒண்ணும் ஆவலியே டாக்டர்?"

"எந்தக் குழந்தைக்கு?"

"அவ வயித்துல…"

டாக்டர் கையிலிருந்த தாளைப் பார்த்தார். "டெஸ்ட் பண்ணிட்டோம். அப்படி எதுவும் இல்ல. அவங்களுக்கு இத்தனை நாளா இருந்ததும் இப்ப உங்களுக்கு வந்ததும் ஒண்ணுதான்."

டாக்டர் போன பிறகு மாலிக், "நானும் கூறு கெட்டவன் மாப்ள. சொல்ல வேண்டியது ஒண்ணே ஒண்ணு. அத ஒம்பது கதைக்கு நடுவுல சொல்லித் தொலச்சேன்" என்று சொல்லிவிட்டுத் தலையைக் கழுவப் போனார்.

வீரமணி திரும்பிப் பக்கத்துக் கட்டிலைப் பார்த்தார். அமுதம் கண்ணை மூடிப் படுத்திருந்தாள். இத்தனை நாளும் இவளை அந்தப் பெட்டிக்குள் வைத்து, வெளியே நின்று கதவைச் சாத்தியது அவர் கைதான். சாத்திவிட்டு நிம்மதியாக டீக்கடைக்குப் போய் உட்கார்ந்திருக்கிறார். ஒருநாள் அவளால் கதவைத் திறக்க முடியாமல் போயிருந்தால்? கேக் வேகட்டும் என்று அவர் வெளியிலேயே காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருப்பார். கண்ணீர் வழிந்து ஆக்சிஜன் குழாயின் மேல் இறங்கியது. அவர் அதைத் துடைக்கவில்லை.

"அமுதம்."

"ம்."

"நான்தான்டி அடைச்சேன்."

"நான்தான் ஏணிய புடிச்சேன்" என்றாள் கண்ணைத் திறக்காமல்.

கொஞ்ச நேரம் கழித்து, "புகழேந்தின்னு பேருகூட வெச்சிருந்தேன்" என்றார்.

அமுதம் கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தாள். பிறகு கையை நீட்டினாள். இரண்டு கட்டிலுக்கும் நடுவில் அந்தக் கை எட்டவில்லை. வீரமணி குழாயோடு எழுந்து உட்கார்ந்து, எட்டிப் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் டாக்டர் நன்றாகச் சோதித்துப் பார்த்து வீட்டுக்குப் போகலாம் என்றார். மாலிக், "நிச்சயத்துக்கு வாழப்பழம் வெச்சிக்கறோம் தங்கச்சி, நீ மொதல்ல மூச்சு வுடு" என்று சொல்லிப் பார்த்தார். அமுதம் கேட்கவில்லை. கேக் தட்டுகள் வெந்து தயாராக இருந்தன. க்ரீம் பூசுவதுதான் பாக்கி. கூடத்தில் கதவு ஜன்னல் எல்லாவற்றையும் திறந்து போட்டு உட்கார்ந்தாள். அந்த நேரத்தில் பிரியதர்ஷினி நலம் விசாரிக்க வந்தாள். வந்தவள் வாசலிலேயே நின்று முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"உள்ள வாம்மா. வாசன புடிச்சிட்டியா? இந்தா, ஒரு ஓரத்துல வெட்டித் தரேன்" என்று அமுதம் கத்தியை எடுத்தாள்.

"ஐயோ வாணாம்த்த!" என்று அலறினாள் அவள். "எனக்கு அந்த வாசனயே ஆவாது. மசக்க வந்ததுலருந்து வனிலான்னாலே வாந்திதான். நீங்க கேக்கு சுடும்போதெல்லாம் நான் எங்கூட்டு ஜன்னல சாத்திக்குவேன்."

"அப்போ நாங்க குடுத்து அனுப்பினதெல்லாம்?"

பிரியதர்ஷினி வேலிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அங்கே நின்று கேட்டுக்கொண்டிருந்த செல்வகுமாரி, யாரோ கூப்பிட்டது போல உள்ளே போய்விட்டாள்.

அடுத்த வாரம் மாலிக் வந்து எல்லாவற்றையும் சரிபார்த்தார். இந்த முறை ஒரே ஒரு விஷயம்தான் பேசினார், பூனை வரவேயில்லை. கீழ் ஓட்டையிலிருந்த செங்கல்லை வீரமணியே பெயர்த்தார். அறைக் கதவையும் கழற்றி, அடியிலிருந்த தகரத்தோடு மாட்டுக் கொட்டகையில் சாய்த்து வைத்தார். எலி வந்தால் வரட்டும்.

அமுதம் ஓவனைப் பற்றவைத்தாள். நெருப்பு நீலமாக எரிந்தது. காற்றாடி சுற்றியது.

வீரமணி சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே புறப்பட்டார். சந்தில் நின்று மூச்சை இழுத்தார். வனிலா. செல்வகுமாரி வீட்டு வாசலுக்குப் போய் இழுத்தார். அங்கேயும் இருந்தது. அவள் கையில் ஒரு தட்டை வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். அவரைக் கண்டதும் தட்டைப் புடவைக்குள் மறைத்தாள். "வெந்ததும் வாக்கா, ஒனக்குன்னே ஒண்ணு சுடறா" என்று சொல்லிவிட்டு மேலே நடந்தார். பிள்ளையார் கோயில் வரைக்கும் வாசனை கூடவே வந்தது. டீக்கடையில் உட்கார்ந்திருந்த பாக்யராஜ் வாத்தியார் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "இன்னா வீரமணி, ஒங்க வூட்டு அடுப்பு வாசன இங்க வரைக்கும் வருதே" என்றார்.

"வருதா?" என்றார் வீரமணி.

"வருதுய்யா."

"நல்லா வருதா?"

வாத்தியார் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். வீரமணியின் கண் கலங்கியிருந்தது. டீ வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டு, வந்த வழியே வீட்டுக்கு வேகமாக நடந்தார்.